கண் மஞ்சளானால் எங்கே பார்ப்பது? கல்லீரலும் கணையமும் காமாலையும்

வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் நம் ஊர்களில் முதலில் நிற்பது எண்ணெயும் உப்பும் காரமும்தான். மறுநாள் விடிகாலை வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலந்து கொடுப்பார்கள். "இன்ன ஊர்ல காமாலைக்கு மருந்து குடுக்கிறாங்க, மூணு வேளையில இறங்கிடும்" என்று சொந்தக்காரர் யாராவது வழி சொல்வார். கையில் சூடு போடும் வழக்கம்கூட இன்னும் சில இடங்களில் ஓயவில்லை. இத்தனையும் செய்த பிறகு பெரும்பாலோருக்கு மஞ்சள் இறங்கியும்விடும். அதனால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது.

மஞ்சள் இறங்காதவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு மாதம், ஒன்றரை மாதம் பத்தியம் இருந்து, உடம்பு உருகி, அரிப்புத் தாங்காமல் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்கள் அவர்கள். வரும்போது சிலருக்குக் கணையத்தில் கட்டி வளர்ந்திருக்கும், சிலருக்குக் கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்திருக்கும். காமாலைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம், அவற்றில் சில தானாக ஆறும், சில நாள் கணக்கில் ஆளைக் கொல்லும். எது என்று தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துக் காத்திருப்பதில் போகும் நேரம்தான் பேரிழப்பு.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? இரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழும். அது அழியும்போது மிஞ்சும் கழிவு பிலிருபின் என்ற மஞ்சள் பொருள். கல்லீரல் அதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பது அதன் எச்சம்தான். 100 மில்லி இரத்தத்தில் பிலிருபின் அளவு சாதாரணமாக 1 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். இரண்டரை, மூன்றைத் தாண்டினால் கண்ணில் தெரியும். சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் அழிந்தாலும், கல்லீரல் பழுதானாலும், பித்தம் இறங்கும் குழாய் அடைத்தாலும் மூன்றிலும் கண் மஞ்சளாகும்.

அந்தக் குழாய் போகும் பாதையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வலது விலா எலும்புகளுக்கு அடியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல். அதிலிருந்து இறங்கும் பித்தநாளம் பித்தப்பையின் கிளையைச் சேர்த்துக்கொண்டு, கணையத்தின் தலைப்பகுதிக்குள் புகுந்து, கணையத்தின் சொந்தக் குழாயோடு சேர்ந்து முன்சிறுகுடலில் ஒரே வாயில் திறக்கிறது. இதனால் கணையத் தலையில் ஒரு சிறு கட்டி வந்தால் பித்தம் தேங்கிக் கண் மஞ்சளாகும். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு சிறு கல் அந்த வாயில் சிக்கினால் கணையம் வெந்து வீங்கும். ஒன்றில் வந்த கோளாறு மற்றதில் போய்த் தெரிவதற்கு இந்த அமைப்புதான் காரணம். கல்லீரல் மருத்துவரும் கணைய மருத்துவரும் பெரும்பாலும் ஒரே துறையில் இருப்பதும் அதனால்தான்.

முதலில், தானாக ஆறும் காமாலை. அசுத்தமான குடிநீர், உணவு வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ என்ற இரண்டு வைரஸ்கள்தான் நம் நாட்டில் இதற்குப் பெரிய காரணம். சில நாள் காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல் என்று தொடங்கும். கண் மஞ்சளாகத் தொடங்கும்போது காய்ச்சல் விட்டிருக்கும். சில வாரங்களில் கல்லீரல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். கீழாநெல்லி குடித்தாலும் ஆறும், குடிக்காவிட்டாலும் ஆறும். மஞ்சள் வந்த பிறகும் காய்ச்சல் விடாமல் அடித்து, கெண்டைக்கால் வலித்து, சிறுநீர் குறைந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, தாமதித்தால் சிறுநீரகம் போகும்.

ஈ வைரஸைக் கண்டுபிடித்த கதை நம் நாட்டோடு பின்னியது. 1955 டிசம்பரில் டெல்லியின் குடிநீரில் யமுனை வழியாகச் சாக்கடை கலந்து, சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அன்று அதை ஏ வகை என்றே நினைத்தார்கள். சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான் அது வேறு என்று புரிந்தது. 1983-ல் ரஷ்ய ஆய்வாளர் மிகயீல் பலயான் நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்து, நோயை வரவழைத்துக்கொண்டு வைரஸைக் கண்ணால் கண்டார். இந்த ஈ வகை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆறிவிடும். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில் வந்தால், நூறில் இருபது இருபத்தைந்து பேர்வரை உயிரிழக்கக்கூடும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் நாட்டு மருந்து கொடுத்து ஒருநாள்கூடப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கீழாநெல்லியை ஆராயாமல் ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒரு மனக்குறை நம்மில் பலருக்கு உண்டு. உண்மையில் அதைச் சென்னையிலேயே ஆராய்ந்தார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க் அந்த ஆய்வில் பங்கேற்றார். சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, பி வைரஸை நெடுநாளாகச் சுமந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 59 விழுக்காட்டினரின் இரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4 விழுக்காடுதான். பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் வேறு நாடுகளில் திரும்பச் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பின்னர் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்களும் உறுதியான சான்று இல்லை என்றே முடித்தார்கள். இதில் கீழாநெல்லிக்கு அவமானம் ஏதுமில்லை. நேர்மையாகச் சோதித்தார்கள், எதிர்பார்த்த விடை வரவில்லை. என்னைக் கவலைப்பட வைப்பது கீழாநெல்லி இல்லை. அதோடு சேர்த்துப் பெயர் சொல்லாமல் கொடுக்கும் பொட்டலங்கள்தான். அவற்றில் உலோகச் சேர்மானமும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. தீங்கற்றது என்று நினைக்கும் மூலிகையும் ஆளைப் பொறுத்துக் கல்லீரலைத் தாக்கும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அலோபதி மருந்துகளும் விலக்கல்ல. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலையே அழித்துவிடும், சீக்கிரம் வந்தால் அதற்கு முறிவு மருந்து உண்டு. எலிப்பசையில் சேர்க்கும் மஞ்சள் பாஸ்பரஸுக்கு நேரடி முறிவு மருந்து இல்லை. குழந்தை தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், அதை நம்பி வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். கல்லீரல் அதற்குப் பிறகுதான் செயலிழக்கத் தொடங்கும். தமிழ்நாடு அரசு இந்தப் பசைக்குத் தடை விதித்ததன் பின்னணி இத்தகைய சாவுகள்தான்.

பி, சி வைரஸ்கள் வேறு ரகம். தண்ணீரில் பரவுவதில்லை. இரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும். பெரும்பாலும் காமாலையே வராமல் இருபது முப்பது ஆண்டுகள் உள்ளேயே இருந்து கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பெரியவருக்குப் பி தொற்றினால் நூறில் தொண்ணூற்றைந்து பேருக்குத் தானாகப் போய்விடும். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் நூறில் தொண்ணூறு பேருக்கு நிலைத்துவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசிக்கு இவ்வளவு அவசரம் காட்டுவது இதனால்தான். இந்த ஊசியையும் உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த தலைமுறை ஒருமுறையாவது இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பி இருந்தால் டெனோஃபோவிர், என்டிகாவிர் மாத்திரைகள் அதை அடக்கி வைக்கும். சி வகைக்கு இப்போது 12 வார மாத்திரை போதும், நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றாகக் குணமாகிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இந்தச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

நோய் எது என்று கண்டுபிடிக்க முதல் படி, 'எல்.எஃப்.டி.' என்ற கல்லீரல் இரத்தப் பரிசோதனையின் அந்த ஒற்றைத் தாள். லேபிலிருந்து வாங்கியதும் எல்லோரும் பிலிருபின் எவ்வளவு என்று மட்டும் பார்த்து, "போன வாரம் 12, இப்ப 9" என்று நிம்மதி அடைகிறார்கள். அதற்குக் கீழேயுள்ள வரிகள்தான் அதிகம் பேசுகின்றன. எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் கல்லீரல் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் என்சைம்கள். எஸ்.ஜி.பி.டி. ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் வைரஸோ மருந்தோ கல்லீரல் செல்களைத் திடீரென்று தாக்கியிருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. அதைப்போல் இரண்டு மடங்கு இருந்து, இரண்டுமே முந்நூறைத் தாண்டாமல் இருந்தால் மதுவைப் பற்றி மருத்துவர் கேட்பார். இவை இரண்டும் கொஞ்சமாக ஏறியிருக்க, ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் பல மடங்கு இருந்தால் குழாய் அடைப்பு. கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தால் பழுது நெடுநாளைத்தாக இருக்கலாம். கூடவே எடுக்க வேண்டிய சோதனை ஐ.என்.ஆர். இரத்தம் உறைவதற்கான பொருட்களைக் கல்லீரல் தயாரிக்கிறதா என்பதை அது சொல்லும். எஸ்.ஜி.பி.டி. சரசரவென்று இறங்கும்போதே ஐ.என்.ஆரும் பிலிருபினும் ஏறினால் அது நல்ல செய்தி இல்லை, அழிவதற்குச் செல்களே மிச்சமில்லை என்று பொருள். நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் பேசினாலோ அன்றைக்கே கல்லீரல் மாற்று வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி குழாய் அடைப்பு. சிறுநீர் அடர் நிறத்தில் போகும், மலம் நிறமின்றி வெளிறிப்போகும், உடம்பெல்லாம் அரிக்கும். கல் அடைத்திருந்தால் வலியும் குளிர்காய்ச்சலும் சேர்ந்து வரும். எண்டோஸ்கோப்பியை முன்சிறுகுடல்வரை செலுத்தி, குழாய் வாயைச் சிறிது கீறிக் கல்லை எடுத்துவிடலாம், பிறகு பித்தப்பையை அகற்ற வேண்டும். வலியே இல்லாமல் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறி, ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு எடையும் குறைந்துகொண்டே வந்தால் கணையத் தலைப் புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சர்க்கரை நோய் திடீரென்று வந்திருப்பதும் அதன் அடையாளமாக இருக்கலாம். வலியில்லாத காமாலையோடு பித்தப்பை வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டால் அதற்குக் கல் காரணமாக இருப்பது அரிது என்று சுவிஸ் மருத்துவர் கூர்வுவாசியே 1890-லேயே எழுதிவைத்தார்.

வலி இல்லாததால்தான் இந்தக் காமாலைக்குப் பத்தியம் நீள்கிறது. கணையப் புற்றுநோய் கொடிய நோய்களில் ஒன்று. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி ஐந்தாண்டுகள் தாண்டுபவர்கள் நூறில் பதின்மூன்று பேர் அளவுதான். கண்டுபிடிக்கும் நேரத்தில் அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அதே இடத்தில், இரு குழாய்களும் திறக்கும் வாயில் வரும் புற்றுநோய்க்கு வாய்ப்பு இதைவிட எவ்வளவோ மேல். அது பித்தத்தைச் சீக்கிரமே அடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுக்கும் அறுவை ஒன்றுதான். 1935-ல் ஆலன் விப்பிள் விவரித்து, அவர் பெயராலேயே வழங்குகிறது. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தையும் பித்தநாளத்தையும் இரைப்பையையும் தனித்தனியே குடலோடு இணைக்க வேண்டும். ஒரு காலத்தில் நால்வரில் ஒருவர் அறுவையிலேயே இறந்தார். இன்று இதை நிறையச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு நூறில் ஐந்துக்கும் கீழ். ஆண்டுக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள் என்று மருத்துவமனையில் தயங்காமல் கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அறுவைக்கு வாய்ப்பில்லாதவர்களுக்கும் குழாயில் ஸ்டென்ட் வைத்தால் அரிப்பு நிற்கும், பசி வரும், கீமோதெரபியைத் தாங்கும் தெம்பு வரும்.

கணையத்தின் இன்னொரு பெரிய நோய் திடீர் அழற்சி. மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி எழுந்து முதுகுக்குப் பாயும், முன்னால் குனிந்தால் சற்றுத் தணியும். பித்தக் கல்லும் மதுவும்தான் பெரும்பாலான காரணம். உணவைச் செரிக்க வேண்டிய என்சைம்கள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே செரிக்கத் தொடங்குவதுதான் இங்கே நடப்பது. இரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய என்சைம் இயல்பைப்போல் மூன்று மடங்கு ஏறியிருந்தால் உறுதி. முன்பு நாள்கணக்கில் பட்டினி போட்டார்கள். இப்போது நரம்பு வழியாக நீரும் வலி மருந்தும் கொடுத்து, வாந்தி நின்றதும் சாப்பிடவைக்கிறார்கள். அழுகிய பகுதியை உடனே திறந்து சுத்தம் செய்வதும் மாறிவிட்டது. முடிந்தவரை நான்கு வாரம் பொறுத்து, முதலில் குழாய் வைத்து வடித்து, தேவையென்றால் மட்டும் சிறு துளை வழியாக அகற்றுவது நல்லது என்று 2010-ல் டச்சு ஆய்வு ஒன்று காட்டியது.

தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் ஒரு கணைய நோய் இருக்கிறது. மது அருந்தாத, பித்தக் கல் இல்லாத சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கணையக் குழாய் நெடுகக் கல் கல்லாகச் சுண்ணாம்பு படியும் நோய். இதைப் பற்றி இந்தோனேசியாவில் மருத்துவர் சூய்டமா 1959-ல் எழுதினார். அதைத் தொடர்ந்து கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். பிள்ளைப் பருவத்தில் வயிற்றுவலி, பருவ வயதில் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் சாவு: அவர் கண்ட நோயின் போக்கு இதுதான். ஏழைகளின் உணவான மரவள்ளிக்கிழங்கில் உள்ள சயனைடுச் சேர்மங்கள்தான் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். மரவள்ளி தின்னாத பகுதிகளிலும் நோய் இருந்தது, தின்ற பலருக்கு வரவில்லை. 2002 வாக்கில் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவின் மாற்றம் இந்த நோயாளிகளில் பலரிடம் இருப்பது தெரியவந்தபோது பார்வை மாறியது. கணையத்துக்குள் என்சைம் முன்கூட்டியே விழித்துவிடாமல் தடுப்பது அந்த மரபணுவின் வேலை.

இந்த நோயின் சர்க்கரையில் ஒரு விசித்திரம் உண்டு. சென்னையில் இதை விரிவாக ஆராய்ந்த டாக்டர் வி. மோகன் போன்றவர்கள் எழுதியிருப்பதுபோல, ஒல்லியான இளைஞருக்கு 400, 500 என்று சர்க்கரை ஏறி இன்சுலின் தேவைப்படும், ஆனாலும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளைப்போல இரத்தம் அமிலமாகி மயங்கிவிழுவது அரிது. இத்தகைய ஒருவருக்கு வயிற்றை ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே முதுகெலும்பின் குறுக்கே கற்கள் வரிசையாகத் தெரியும். அதை எடுக்காமல் "சின்ன வயசு சுகர்" என்று மட்டும் எழுதிவிட்டால், எண்ணெய் மிதக்கும் மலமும் எடைக்குறைவும் கவனிப்பாரின்றிப் போகும். சிகிச்சை இருக்கிறது. கணைய என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் போடாமல் சாப்பிடும்போதே போட வேண்டும், உணவோடு கலந்தால்தான் வேலை செய்யும். வலிக்கு, வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லைப் பொடித்து எண்டோஸ்கோப்பியில் எடுப்பார்கள். அடங்காவிட்டால் குழாயை நெடுகத் திறந்து குடலோடு தைக்கும் அறுவை. கீவர்கீஸ் காலத்துச் சாவு இன்று தவிர்க்கக்கூடியது. இவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம் என்பதால் கண்காணிப்பு மட்டும் வாழ்நாள் முழுக்க வேண்டும்.

மீண்டும் கல்லீரலுக்கு வருவோம். மது, பி, சி வைரஸ்கள், கொழுப்புப் படிவு எல்லாம் கடைசியில் கொண்டுபோய் விடும் இடம் கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ். மகோதரம் என்று பழைய வைத்தியர்கள் சொன்ன வயிற்று நீர், இரத்த வாந்தி, மூளைக் குழப்பம் மூன்றும் அதன் விளைவுகள். ஃபேட்டி லிவர் என்று ஸ்கேனில் வந்ததும் லிவர் டானிக் வாங்கிக் குடிப்பது வீண் செலவு. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் படிந்த கொழுப்பும் அழற்சியும் இறங்கும், பலருக்குத் தழும்புகூடக் குறையும். மது அறவே கூடாது.

சிரோசிஸ் நோயாளியின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கஞ்சியும் மோரும் மட்டும் கொடுத்துப் பாதுகாப்பதாக நினைக்கிறோம். இந்த நோயில் உடல் தன் தசையையே தின்னும். 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, தயிர், சுண்டல், நன்றாக வெந்த மீன் எல்லாம் கொடுக்கலாம். குறைக்க வேண்டியது நீர் கோத்தவர்களுக்கு உப்பை மட்டும். இரவு படுக்கப்போகும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும், இரவு நெடுகப் பட்டினி கிடப்பது ஆரோக்கியமானவர் மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமமாக இவர்களைப் பாதிக்கும். மலச்சிக்கல் கூடாது, லாக்டுலோஸ் சிரப் தருவது மூளைக் குழப்பத்தைத் தடுக்கத்தான். வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடவே கூடாது. நாளுக்கு 2 கிராமுக்கு மிகாத பாராசிட்டமால் அதைவிடப் பாதுகாப்பானது.

இவற்றையும் தாண்டிப் போனால் கல்லீரல் மாற்றுதான். தாமஸ் ஸ்டார்சல் 1963-ல் அமெரிக்காவில் முதன்முதலாக முயன்றார், 1967-ல் வென்றார். இந்தியாவில் 1998 நவம்பரில் டெல்லியில் முதல் வெற்றி கண்டபோது நோயாளி தமிழ்நாட்டைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத குழந்தை. தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். பித்தநாளமே உருவாகாத பிறவிக் கோளாறு அந்தக் குழந்தைக்கு. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாள் வரும் சாதாரண மஞ்சள் ஒளிச் சிகிச்சையிலோ தானாகவோ போய்விடும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் நின்று, மலம் வெளிறிப் போனால் இந்தக் கோளாறா என்று பார்க்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த அறுவையை 60 நாட்களுக்குள் செய்தால் பித்தம் ஓட நல்ல வாய்ப்பு உண்டு. "வெயில்ல காட்டு, சரியாப் போயிடும்" என்று அந்த 60 நாட்களை விட்டுவிட்டால் மிஞ்சுவது மாற்று மட்டும்தான்.

உயிரோடிருப்பவர் தன் கல்லீரலில் பாதிக்கு மேல் கொடுத்தாலும் சில மாதங்களில் வளர்ந்துவிடும். குடும்பத்தில் பொருத்தமானவர் இல்லையென்றால், மூளைச்சாவு அடைந்தவரின் கொடைக்குத் தமிழ்நாட்டின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயர் பதியலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்த அறுவை நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் செலவை ஏற்கிறது. பதிவதற்கு நோயாளி படுத்த படுக்கையாகும்வரை காத்திருக்க வேண்டாம். வயிற்றில் முதன்முறையாக நீர் கோத்தபோதே, அல்லது முதல் இரத்த வாந்தியின்போதே, மாற்று மையம் ஒன்றில் காட்டிப் பெயரைப் பதிந்துவைக்கலாம்.